ஒரு மீற்றர் இடைவெளி

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரேயொரு நல்ல போன்தான் இருந்தது. கட்டாரிலிருந்து வாப்பா உம்மாவுக்கு அனுப்பியது. காலையில் சூம் வகுப்பு முடியும்வரை அது என்னிடம் இருக்கும், பிறகு உம்மாவிடம் போய்விடும். என்னுடைய ஒன்பதாம் வகுப்பு வாட்ஸ்அப் குறூப்பும் உம்மாவின் குடும்பக் குறூப்பும் அந்த ஒரே போனில் மேலும் கீழுமாகக் கிடந்தன. 

எங்களுக்குச் சிக்னல் நன்றாகக் கிடைப்பது குசினி வாசலில், அடுப்புக்குப் பக்கத்தில்தான். ஒரு நாள் விஞ்ஞான வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, கமராவை அணைத்துவிட்டு, பிட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தம்பிக்கு அப்போது நாலு வயது. அவன் வந்து திரையில் தெரிந்த டீச்சரின் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். கமரா திறந்துகொண்டது. பிட்டை உருட்டி வாயருகே கொண்டுபோன நிலையில் முழு வகுப்பும் என்னைக் கண்டது.

"புள்ள, சாப்பிட்டுட்டு வாங்க, பாடம் ஓடிப்போகாது" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவரை அதில் ஒன்றும் இல்லை.

அன்று பின்னேரம் வகுப்புக் குறூப்பில் ஒரு ஸ்டிக்கர் வந்தது. கமரா திறந்த அந்த நேரத்தில் எடுத்த படத்தில் என் முகத்தைச் சுற்றி வெட்டி, வெள்ளைக் கரை போட்டு, வாயைக் கொஞ்சம் பெரிதாக்கி, கீழே சிவப்பு எழுத்தில் 'இன்னும் பிட்டு இரிக்கா?' என்று போட்டிருந்தது. செய்தவள் எங்கள் வகுப்பு மொனிட்டர். கைத்திறமையுள்ளவள். ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து மட்டை செய்வதும், சுவர்ப் பத்திரிகைக்குத் தலைப்பு எழுதுவதும் அவள்தான். ஸ்டிக்கரையும் அதே கவனத்தோடு செய்திருந்தாள். பார்த்தவுடன் நான் ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பினேன். அனுப்பாவிட்டால் கோபம் என்று நினைத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு அது எல்லாவற்றுக்கும் பயன்பட்டது. டீச்சர் வீட்டுவேலை தந்தால் என் வாய் வரும். யாராவது பகிடி சொன்னால் என் வாய் வரும். கணக்குக்கு எத்தனையாம் பக்கம் என்று நான் ஒருநாள் கேட்டேன். பதிலாக ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக அதையே அனுப்பினார்கள். பக்க எண்ணை யாரும் சொல்லவில்லை. என் பெயருக்குப் பதிலாகப் 'பிட்டு' என்று எழுதத் தொடங்கினார்கள். நான் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். குறூப்பைத் திறந்து வாசிப்பேன், மூடிவிடுவேன்.

உம்மாவுக்கு இது தெரியவந்தது நோன்பு மாதத்தில். சம்மாந்துறையில் இருக்கும் தூரத்து உறவுச் சாச்சி ஒருவர் குடும்பக் குறூப்பில், 'நோன்பு திறக்க இன்னும் நேரமிரிக்கே' என்று எழுதி, கூடவே அந்த ஸ்டிக்கரையும் போட்டிருந்தார். சாச்சிக்கு அது யாரென்று தெரியாது. அவருடைய மகள் ஏதோ டியூஷன் குறூப்பிலிருந்து எடுத்திருக்கிறாள், அவர் மகளிடமிருந்து எடுத்திருக்கிறார். உம்மா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இது ஆரு?"

"நான்தான் உம்மா."

"ஆரு செஞ்சது?"

"வகுப்புல."

"எப்ப?"

"முந்தி. ரெண்டு மாசம் இரிக்கும்."

உம்மா முதலில் பார்த்தது என் தலையை. விரலால் படத்தைப் பெரிதாக்கி, முக்காடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். "முக்காடு இரிக்கி. அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. என்னோடு அல்ல. ஆனாலும் அன்று நோன்பு திறக்கும்போது தம்பிதான் பேரீச்சம்பழத்தின் விதையை எங்கே போடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் உம்மா வகுப்பாசிரியைக்கு அழைத்தார். நான் குசினியில் நின்று கேட்டேன். உம்மா சத்தம் போட்டுக் கதைக்கிறவர் அல்ல.

"நான் சண்டைக்கு வரல்ல டீச்சர். என்ட மகள்ட மொகம் ஊர் முழுக்கச் சுத்துது. அத அழிக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

டீச்சர் அன்றிரவே வகுப்புக் குறூப்பில் குரல் பதிவு ஒன்று போட்டார். 'ஒரு புள்ளைட உம்மா எனக்கிட்ட அழுது அழுது கதைச்சாங்க. பொம்புளப் புள்ளைகள்ட படத்த வெச்சி இப்பிடிச் செய்றது பெரிய பாவம். செஞ்ச ஆளு ஆரெண்டு எனக்குத் தெரியும். அவங்கட வாப்பாவோட கதைக்கப் போறன்.' பெயர் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

உம்மா அதைக் கேட்டுவிட்டு, "நான் எங்க அழுத?" என்றார்.

மொனிட்டரின் வாப்பா அவளுடைய போனைப் பறித்துக்கொண்டார். ஸ்டிக்கர் செய்யாமல் இருப்பதற்காகப் பறித்ததில் சூம் வகுப்பும் போய்விட்டது. அவள் வகுப்புக்கு வராமல் போனதை எல்லோரும் கவனித்தார்கள். பெயர் கூப்பிடும்போது அவளுடைய பெயர் வந்தால் டீச்சர் கொஞ்சம் பொறுத்து அடுத்த பெயருக்குப் போவார்.

வகுப்புக் குறூப் அமைதியானது. ஸ்டிக்கர் வரவில்லை, பகிடி வரவில்லை, 'பிட்டு' வரவில்லை. டீச்சர் அனுப்பும் வீட்டுவேலையும் அதற்குக் கீழே 'நன்றி டீச்சர்' என்று ஒன்றிரண்டும் மட்டும். எல்லோரும் பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

எங்கள் ஒழுங்கையின் மூலையில் இருக்கும் கடையில் உம்மா ஒருநாள் தேங்காய் வாங்கிக்கொண்டு நின்றார். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் உம்மாவும் அங்கே நின்றிருக்கிறார்.

"வரலாற்றுப் பாடத்துக்குப் போட்டோ எல்லாம் புது குறூப்புல போடுறாங்களே, மகளுக்கு வருதா?" என்று கேட்டாராம்.

"என்ன புது குறூப்?" என்றாராம் உம்மா.

உம்மா வீட்டுக்கு வந்து அதை என்னிடம் அப்படியே சொன்னார். தேங்காயைக் கையிலிருந்து இறக்கவுமில்லை. "டீச்சருக்குத் திரும்ப ஒருக்கா கோல் எடுக்கவா?" என்று கேட்டார்.

"வேணாம் உம்மா."

உம்மா தேங்காயை உடைக்கப் போனார். அதற்குப் பிறகு இந்த விசயத்தில் அவர் யாருக்கும் அழைக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தபோது எங்களை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிட்டார்கள். மேசைகளுக்கிடையே ஒரு மீற்றர் இடைவெளி. ஒரு மேசைக்கு ஒருத்தி. முகக்கவசம். ஒருத்தியின் பேனையை இன்னொருத்தி தொடக் கூடாது. சாப்பாட்டைப் பகிரக் கூடாது. இடைவேளையில் கூட்டமாக நிற்கக் கூடாது. என்னோடு யாரும் சேரவில்லை, ஆனால் சட்டப்படி யாரும் யாரோடும் சேரக் கூடாது. நான் மற்றவர்களைப் போலவே தனியாக இருந்தேன். வகுப்பைக் கடந்து போகிற அதிபருக்கு எங்களுக்குள் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. முதல் சில நாட்கள் எனக்கே தெரியவில்லை.

முதல் வாரத்தில், கைகழுவ வைத்திருந்த பைப்படியில் மொனிட்டரைக் கண்டேன். கன நாளைக்குப் பிறகு காண்கிறேன். உயர்ந்திருந்தாள். சலாம் சொன்னேன். பதில் சலாம் வரவில்லை. இருவரும் முகக்கவசம் போட்டிருந்தோம், பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் மறுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் நன்றாகத் தெரியும்.

"கூட்டாளிமார் கதைக்கிறாங்களா?" என்று வீட்டில் உம்மா கேட்பார்.

"மாஸ்க்கோட கதைக்க வேணாமெண்டு சொல்லியிரிக்காங்க" என்பேன். அது பொய்யில்லை.

பத்தாம் வகுப்பில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். ஒரு காலை, மேசைகளைப் பழையபடி சோடி சோடியாகப் போடச் சொன்னார் டீச்சர். சீமெந்துத் தரையில் மேசைகளை இழுக்கும் சத்தம் பக்கத்து வகுப்புகளிலிருந்தும் வந்தது. எல்லோருக்கும் பெருநாள் மாதிரி. ஒருத்தியை ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டு இழுத்தார்கள். நான் என் மேசையைப் பிடித்தபடி நின்றேன். எங்கே இழுப்பது என்று தெரியவில்லை. சத்தம் ஓய்ந்தபோது அது யன்னலோரத்தில், முன்பு இருந்த அதே இடத்தில், தனியாக நின்றது.

"ஏன் புள்ள, நீங்க மட்டும் தனிய?"

"இஞ்ச நல்லாக் காத்து வருது டீச்சர்."

டீச்சர் வகுப்பை ஒருமுறை பார்த்தார். நானும் பார்த்தேன். யாரும் தலையைத் தூக்கவில்லை. "சரி, காத்து வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

யாரும் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை, கொப்பியைக் கிழிக்கவில்லை. ஏதாவது கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்வார்கள். குழு வேலைக்கு டீச்சர் ஒரு குழுவில் போட்டால் இடம் விடுவார்கள், நான் சொல்வதை எழுதாமல் விடுவார்கள். இதை வீட்டில் சொல்வதென்றால் எந்த வசனத்தால் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முறையிடுவதற்கு ஒரு செயல் வேண்டும். இவர்கள் செய்ததெல்லாம் ஒன்றையும் செய்யாமல் இருந்தது.

இடைவேளைதான் நீளமானது. தனியாக நிற்கிறவளை எல்லோரும் பார்ப்பார்கள், எங்கேயோ போகிறவளை யாரும் பார்ப்பதில்லை. இதைக் கண்டுபிடித்த பிறகு தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போவேன். நிரப்பிக்கொண்டு மற்றக் கட்டடம்வரை நடப்பேன். அங்கே குரோட்டன் செடிகளுக்கு ஊற்றிவிட்டுத் திரும்பவும் நிரப்பப் போவேன். மணியடிக்கும். அந்த வருடம் அந்தச் செடிகள் நன்றாகத் தழைத்திருந்தன.

நடுவில் ஒரு புதிய பிள்ளை வந்தாள். அவளுடைய வாப்பாவுக்குப் பொத்துவில் பக்கமிருந்து வேலை மாற்றம். வகுப்பில் காலியாக இருந்த ஒரே இடம் என் பக்கத்துக் கதிரை. மேசையை நான் சுவர்ப்பக்கம் நகர்த்தி அவளுக்கு இடம் கொடுத்தேன். அவள் நிறையக் கதைப்பாள். அவளுடைய ஊரில் கடற்கரை மணல் எங்கள் மணலைவிட வெள்ளை என்று சாதிப்பாள். அவித்த முட்டையில் வெள்ளையை மட்டும் சாப்பிட்டுவிட்டு மஞ்சளை என் பெட்டியில் போடுவாள், கேட்கமாட்டாள். எனக்கும் மஞ்சள் பெரிதாகப் பிடிக்காது. ஆனாலும் சாப்பிட்டேன்.

கொஞ்ச நாளில் அவளைப் பைப்படியில் வைத்து இரண்டு மூன்று பேர் கதைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அடுத்த நாள் அவள் நேராகவே கேட்டாள்.

"நீ டீச்சருக்குச் சொல்லிக் குடுத்து, மொனிட்டர்ட போனப் பறிக்க வெச்சியாம். மெய்யா?"

"டீச்சருக்குச் சொன்னது எங்கட உம்மா."

"அதத்தான் அவங்களும் சொல்றாங்க."

"எதுக்குச் சொன்னாங்கண்டு சொன்னாங்களா?"

"பகிடிக்குச் செஞ்ச ஒண்டுக்கு எண்டாங்க."

நான் அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்கினால் அவள் அந்த ஸ்டிக்கரைப் பார்க்கக் கேட்பாள் என்று தோன்றியது. அவள் இன்னும் ஒரு வாரம்போல என்னோடு இருந்தாள். பிறகு யன்னல் வெளிச்சத்தில் கரும்பலகை பளபளக்கிறது, எழுத்துத் தெரியவில்லை என்று டீச்சரிடம் சொல்லி நடுவரிசைக்குப் போனாள். மூக்குக் கண்ணாடி போடுகிறவள் என்பதால் அந்தக் காரணம் பொருத்தமாகவே இருந்தது. போகும்போது, "கோவிக்காத" என்று மெதுவாகச் சொன்னாள். நான் கோபிக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய் மத்தியானம் சாப்பிடாமல் படுத்திருந்தேன். தலையிடி என்று சொன்னேன்.

சனிக்கிழமைகளில் கல்முனைப் பஸார் பக்கம் கணக்கு டியூஷன். பல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வருவார்கள். என் பக்கத்து வாங்கில் பாண்டிருப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். கணக்கில் நான் பெலவீனம், அவள் அதைவிடப் பெலவீனம். அது எங்களைச் சேர்த்தது. பாடம் எடுக்கும் சேர் பலகையில் நீண்ட கணக்கொன்றை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் மேசைக்குக் கீழே போனில் யாருக்கோ எதையோ அனுப்பினாள். எட்டிப் பார்த்தேன். என் வாய்.

வகுப்பு முடியும்வரை பொறுத்திருந்து, படிக்கட்டில் இறங்கும்போது கேட்டேன்.

"அந்த ஸ்டிக்கர் ஆருட?"

"எது? பிட்டா? ஆரோ ஒரு பிள்ளை. எல்லாரிட்டயும் கிடக்கே."

"அது நான்."

அவள் படியில் நின்றுவிட்டாள். போனை எடுத்துப் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பின்னால் இறங்கியவர்கள் எங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஓம். மூக்கு சரி" என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மன்னிச்சுக்கொள்ளு, நான் இத எங்கட அண்ணனுக்கு ஒவ்வொரு நாளும் அனுப்புறனான்" என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஏன் வந்தது என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வகுப்பில் சிரித்ததும் அதே படத்துக்குத்தான், அதே எழுத்துக்குத்தான். ஆனால் இவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்னோடு படியிறங்கி, "வா, ரோல்ஸ் சாப்பிடுவம்" என்று கூட்டிக்கொண்டு போனாள். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் நின்று சாப்பிட்டோம். யார் இதைச் செய்தது, பிறகு என்ன நடந்தது என்றெல்லாம் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை யாருக்கும் முதலிலிருந்து கடைசிவரை சொன்னதில்லை. சொல்லி முடிக்கும்போது அது நான் நினைத்ததைவிடச் சிறிய கதையாக இருந்தது.

"அப்ப உன்னோட ஒருத்தரும் கதைக்கிறேல்லயா? ஒருத்தரும்?"

"கேட்டா பதில் சொல்லுவாங்க."

"அது கதைக்கிறதில்லயே" என்றாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் எதுவும் மாறவில்லை. மேசை யன்னலோரத்திலேயே இருந்தது. ஆனால் சனிக்கிழமைகளில் என்னைத் தேடி, வாங்கில் தன் பையை வைத்து இடம் பிடித்திருக்கும் ஒருத்தி இருந்தாள். திங்கட்கிழமை காலையில் சீருடை போடும்போது முன்பு வந்த வயிற்றுவலி எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. உம்மாதான் கவனித்துச் சொன்னார்.

பதினோராம் வகுப்பில் சாதாரணதரப் பரீட்சையோடு வகுப்பு கலைந்தது. மொனிட்டரும் அவளைச் சுற்றி இருந்தவர்களும் வெவ்வேறு பாடங்களுக்குப் பிரிந்து போனார்கள். உயர்தரத்தில் நான் கலைப்பிரிவு. புதிய வகுப்பில் மற்றப் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். முதல் நாளே ஒருத்தி என் பக்கத்தில் வந்திருந்து பேனை கேட்டாள். கொடுத்தேன். அவ்வளவுதான். எல்லோருக்கும் நடப்பதுபோலவே எனக்கும் நடந்தது.

சில மாதங்களுக்கு முன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்தபோது, மொனிட்டர் தன் உம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தன் கலியாணம் சொல்ல. கூட்டாளிமாருக்குத் தானே நேரில் சொல்ல வேண்டும் என்று வந்தாளாம். கூட்டாளிமார் என்ற சொல்லை அவளுடைய உம்மா சொன்னார். எங்கள் உம்மா தேத்தண்ணி போடப் போனார். இரண்டு தாய்மாரும் குசினிப் பக்கம் கதைத்துக்கொண்டு நிற்க, முன் அறையில் நாங்கள் இருவரும் இருந்தோம்.

"கட்டாயம் வரணும், என்ன" என்றாள்.

"வாறன்."

"வருவியோ எண்டு யோசிச்சன். பள்ளிக்கூடம் தொறந்தாப் பிறகு நீ எங்களோட கதைக்கவே இல்லயே."

"நானா கதைக்கல்ல?"

"ஓம். நீ யன்னலடியில தனியப் போய் இருந்துட்டாய். இடைவேளைக்கும் போத்தலத் தூக்கிக்கிட்டு எங்கயோ போயிருவாய். எங்களோட சேர வேணாமெண்டு உன்ட உம்மா சொல்லியிரிக்காங்க எண்டுதான் நாங்க நெனச்சம்."

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை.

"புது குறூப் ஒண்டு செஞ்சீங்களே" என்றேன்.

"அது நான் செய்யல்லயே. எனக்கிட்டதான் போனே இல்லயே அப்ப." கையிலிருந்த அழைப்பிதழைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தத் தவணை முழுக்க நான் படிக்கல்ல. கணக்குல பெயிலாப் போய்ட்டன். வாப்பா எனக்கு அடிச்சதும் அந்த ஒருக்காத்தான்."

அடித்தது எனக்குத் தெரியாது. அந்த சலாமைப் பற்றிக் கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. அவள் எங்கள் உம்மாவிடம், "மாமி, நீங்களும் வரணும்" என்றாள். உம்மா, "இன்ஷா அல்லாஹ்" என்றார்.

அவர்கள் போன பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டே உம்மா கேட்டார். "என்னவாம்?"

"நான்தான் அவங்களோட கதைக்கல்லயாம்."

"நீ என்ன சொன்னாய்?"

"கலியாணத்துக்கு வாறனெண்டன்."

உம்மா கோப்பைகளைக் கழுவ வைத்தார். "எனக்கு நல்லா ஞாபகமிரிக்கி" என்றார். என்ன ஞாபகமிருக்கிறது என்று சொல்லவில்லை. எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அவளுக்கும் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றோடொன்று பொருந்தாது.

கலியாணத்துக்குப் போனேன். உம்மா வரவில்லை, முழங்கால் வலி என்றார். பெண்கள் பகுதியில் பழைய வகுப்புப் பிள்ளைகள் ஒரு மூலையில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்கள். எல்லோரும் சுற்றியிருந்து ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டோம். பொத்துவில் பிள்ளையும் வந்திருந்தாள். யாருடைய மாப்பிள்ளை எந்த நாட்டில், யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று பேச்சு ஓடியது. யாரோ என்னிடம், "இறைச்சி எடு, நீ சோற மட்டும் திங்கிறாய்" என்றார்கள். எடுத்தேன். பெண்ணைப் பார்த்துவிட்டு, தம்பி சைக்கிளோடு வெளியே காத்து நின்றதால், மற்றவர்களுக்கு முன்பே புறப்பட்டு வந்துவிட்டேன்.